செல்வத்துக்கு, கியோட்டோவிலிருந்து

கியோட்டோ
மே 14

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவனுக்கு மதுரைக்கே மாற்றல் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இனி தங்கச்சிக்கும் கவலை குறையும். முட்டி வலிக்குத் தைலம் மட்டும் தேய்த்துக்கொண்டிருக்காதே, ஒரு டாக்டரிடம் காட்டிவிடு. இங்கே மகளும் மருமகனும் நலம். பேத்தி பாலர் பள்ளிக்குப் போய் ஜப்பானிய மொழியில் வெளுத்து வாங்குகிறாள்.

சர்க்கரை ஏறியதால் பால் டீயை விட்டு கிரீன் டீக்கு மாறிவிட்டாய், அது நிலவேம்புக் கசாயம் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. கொதிக்கிற தண்ணீரில் பையைப் போட்டுப் பத்து நிமிஷம் ஊறவிட்டால் எந்த கிரீன் டீயும் கசக்கத்தான் செய்யும். கசப்பும் துவர்ப்பும் இலையிலுள்ள கஃபீன், கேட்டச்சின் என்ற பொருள்களால் வருபவை. சூடு ஏற ஏற அவை அதிகமாக இறங்கும். ருசி தருகிற தியானின் என்ற பொருளுக்கு அவ்வளவு சூடு வேண்டாம், வெதுவெதுப்பிலேயே இறங்கிவிடும்.

நீ இத்தனை வருஷம் குடித்ததும் இதே செடியின் இலைதான். பறித்த இலையைக் கசக்கிக் காற்றில் விட்டால் அதிலுள்ள நொதி வேலை செய்து கறுத்துவிடும். பச்சையாக நிற்க வேண்டுமென்றால் சீக்கிரமே சூடு காட்டி நொதியை அடக்க வேண்டும். சீனாவில் பெரும்பாலும் சட்டியில் வறுக்கிறார்கள், ஜப்பானில் ஆவியில் அவிக்கிறார்கள். இரண்டு நாட்டு டீக்கும் வாசனை வேறாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

வறுத்ததில் பேர்போனது ஹாங்சோ நகரத்து மேற்கு ஏரிப் பக்கம் விளையும் லோங்ஜிங். சூடான சட்டியில் வெறுங்கையால் இலையை அழுத்தி அழுத்தித் தட்டையாக்குவார்கள். வறுத்த பருப்பின் வாசனை லேசாக வரும். ஏப்ரல் தொடக்கத்தில் முன்னோரை வணங்கும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த கொழுந்துக்குத்தான் அங்கே கிராக்கி. கண்ணாடி டம்ளரில் இலையைப் போட்டு 80 டிகிரி தண்ணீர் ஊற்றினால் போதும், வடிகட்டி கூட வேண்டாம். சூச்சோ பக்கத்து பிலுவோசுன் இன்னும் மெல்லியது, சுருள் சுருளான இலைமேல் பூனைமுடி படர்ந்திருக்கும். கொரியாவின் கிரீன் டீயும் பெரும்பாலும் வறுத்ததுதான்.

ஜப்பானில் தினசரி குடிப்பது சென்சா. அவித்து, உருட்டி, காயவைக்கிற அந்த முறையை 1738-ல் கியோட்டோவை ஒட்டிய இந்த உஜி வட்டாரத்து நகதானி சோயென் வகுத்தார் என்கிறார்கள். புல் வாசனையும் கொஞ்சம் துவர்ப்புமாக, குடித்ததும் வாய் சுத்தமாகிவிடும்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல நினைப்பது கியோகுரோ என்ற நிழல் டீயைப் பற்றி. போன வாரம் மகளோடு உஜிக்குப் போயிருந்தேன். தோட்டமெல்லாம் கறுப்பு வலைப் பந்தல். அறுவடைக்கு முன் சுமார் 20 நாள் செடிக்கு வெயில் படாமல் மறைக்கிறார்கள். வேரில் உருவாகி இலைக்கு ஏறும் தியானின், வெயில் பட்டால் கேட்டச்சினாக மாறிவிடும். நிழலில் அது மாறாமல் நிறையத் தங்குகிறது, பச்சையமும் கூடி இலை கரும்பச்சையாகிறது. முன்பெல்லாம் வைக்கோலும் நாணலும் போட்டு மூடுவார்களாம், இப்போதும் சிலர் அப்படியே செய்கிறார்கள்.

அங்கே ஒரு கடையில் அம்மா ஒருவர் எங்களுக்குப் போட்டுக் கொடுத்தார். சின்னக் கெண்டியில் ஒரு கை இலை, அது நனையும் அளவுக்கே 50 டிகிரி தண்ணீர். இரண்டு நிமிஷம் பொறுத்து, கடைசிச் சொட்டு வரை வடித்தார். கிடைத்தது இரண்டு வாய்தான். கசப்பு என்பதே இல்லை. கெட்டியாக, கொஞ்சம் இனித்து, கடற்பாசி வாசனையோடு நாக்கில் வெகுநேரம் நின்றது. இன்னும் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் சூட்டைக் கூட்டி ஊற்றினார். அப்புறம் அந்த இலையிலேயே புளிப்புச் சாஸ் சொட்டு விட்டுத் தின்னக் கொடுத்தார். கீரை மாதிரி மெத்தென்று இருந்தது. இப்படி ஒன்று இருக்கும்போது நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பது நியாயமா, சொல்.

மட்சா என்ற பொடி டீயும் இதே போல நிழலில் வளர்ந்த இலைதான். உருட்டாமல் காயவைத்து, காம்பும் நரம்பும் நீக்கி, கல் திரிகையில் அரைக்கிறார்கள். உலகம் முழுக்க அதற்கு அலைவதால் இங்கே சில கடைகளில் ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்திருக்கிறார்கள். நல்ல மட்சாவைப் பாலிலும் சர்க்கரையிலும் கலந்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

நான் ஜூலையில் வரும்போது உனக்கு இரண்டு பொட்டலம் கொண்டுவருகிறேன். காலைக்கு சென்சா. ராத்திரிக்கு ஹோஜிச்சா, அது வறுத்த பழுப்பு இலை, கஃபீன் குறைவு, கொதிக்கிற தண்ணீரையே ஊற்றலாம். சென்சாவுக்கு மட்டும் தண்ணீரை ஆற்றிக்கொள். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் சுமார் 10 டிகிரி குறையும் என்பது இங்கே கணக்கு, நமக்கு ஆற்றத் தெரியாதா என்ன? இரண்டு மூன்று தடவை மாற்றிவிட்டு ஊற்று, ஒரு நிமிஷத்தில் முழுக்க வடித்துவிடு. பொட்டலத்தைப் பிரித்தால் இறுக்கி மூடி வை, மசாலா டப்பா பக்கத்தில் வேண்டாம். வாசனையை இழுத்துக்கொள்ளும்.

வீட்டில் மூடி போட்ட சின்னக் கெண்டி இருக்கிறதா? இல்லையென்றால் அதையும் இங்கிருந்தே வாங்கி வருகிறேன், எழுது.

அன்புடன்,
ராமநாதன்