தண்ணீர் இறங்கும் வரிசையில் பணத்தைச் செலவிடுங்கள்: கொங்கு வட்டார மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மன்றத் தலைவர்கள், உறுப்பினர்கள், ஆணையர்கள், செயல் அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களின் பேரூராட்சி, நகராட்சிப் பகுதிகளில் சாலை, வடிகால் வேலைகளோடு புழங்கியவர்கள் இதை எழுதுகிறோம். உங்கள் கையில் பணம் குறைவு என்பது எங்களுக்குத் தெரியும். சம்பளம், மின்கட்டணம், குடிநீர்ச் செலவு எல்லாம் போக மிஞ்சுவதில்தான் தெருக்களைப் பார்த்தாக வேண்டும். அந்த மிச்சத்தை எந்த வரிசையில் செலவிடுவது என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

நிதி வந்ததும் வார்டுகளுக்குச் சமமாகப் பங்கு போடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு வார்டில் 60 மீட்டர் வடிகால், அடுத்த வார்டில் 80 மீட்டர் தார், மூன்றாவது வார்டில் ஒரு சிறுபாலம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் அந்த 60 மீட்டர் வடிகாலின் கடைசி முனை எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். பல ஊர்களில் அது ஒரு காலி மனையிலோ, பழைய மண் சாக்கடையிலோ, அடுத்த வார்டின் எல்லைக் கல்லிலோ முட்டி நிற்கிறது. தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியாது. மேட்டுத் தெருவில் புதிதாகக் கட்டிய வடிகால், தாழ்ந்த தெருவுக்குத் தண்ணீரை முன்னைவிட வேகமாகக் கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே வேலையைக் கடைமுனையிலிருந்து தொடங்குங்கள். ஊர்த் தண்ணீர் கடைசியாகச் சேரும் பள்ளம், ஓடை, குளத்து வாய்க்கால் எதுவோ அதைத் திறந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பிரதான வடிகால், பின் தெரு வடிகால், பின் சாலையோரம், கடைசியில்தான் தார். கோவையில் சங்கனூர் பள்ளம், ஈரோட்டில் பெரும்பள்ளம் ஓடை, திருப்பூரில் ஜம்மனை ஓடை என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வடிமுகம் உண்டு. அது அடைத்திருக்கும்போது மேலே எத்தனை லட்சத்துக்கு கான்கிரீட் போட்டாலும் பயன் இல்லை.

வடிகாலின் அளவைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், பக்கத்துத் தெருவைப் பார்த்து அல்ல. வீடுகள் நெருங்கிய ஒரு ஹெக்டேர் பரப்பில், அதாவது இரண்டரை ஏக்கரில், மணிக்கு 50 மி.மீ. வீதம் மழை அடித்து, அதில் பத்தில் ஏழு பங்கு ஓடி வந்தால் விநாடிக்கு ஏறக்குறைய 97 லிட்டர் தண்ணீர் வரும். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள கான்கிரீட் வடிகால், 200-க்கு 1 என்ற சரிவில், சுத்தமாக இருந்தால் விநாடிக்குச் சுமார் 230 லிட்டர் கடத்தும். இரண்டு ஹெக்டேருக்குத் தாராளம். அதே வடிகாலில் பாதி ஆழத்துக்கு வண்டல் படிந்தால் 95 லிட்டர்தான் போகும். பாதி அடைத்தால் பாதி ஓட்டமாவது மிஞ்சும் என்று நினைப்பது தவறு. ஐந்தில் இரண்டு பங்குதான் மிஞ்சும். சரிவு 800-க்கு 1 ஆகக் குறைந்தால் ஓட்டத்தின் வேகம் பாதியாகிறது. வண்டல் தங்குவதும் அங்கேதான் தொடங்குகிறது. புதிய வடிகால் தேவை என்று வரும் மனுக்களில் பலவற்றுக்குப் பழைய வடிகாலைத் தூர்வாரினாலே போதும் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

சரிவு பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. தண்ணீர் நிரப்பிய 30 மீட்டர் டியூப் லெவல், சுண்ணாம்புக் கட்டி, இரண்டு ஆட்கள் போதும். சுவரில் மட்டக்கோடு போட்டு, 200-க்கு 1 சரிவுக்குப் பத்து மீட்டருக்கு 5 செ.மீ. வீதம் அடித்தளத்தை இறக்கிக் குறியுங்கள். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் இந்தக் குறியை ஓவர்சியரும் அந்த வார்டு உறுப்பினரும் சேர்ந்து பார்க்க வேண்டும். கொட்டிய பிறகு கண்டுபிடிக்கும் தவறைத் திருத்த உடைப்பதைத் தவிர வழி கிடையாது.

தூர்வாருவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒன்றரை அடி அகல வடிகாலில் அரை அடி வண்டல் இருந்தால், 100 மீட்டருக்கு ஏறக்குறைய 6.75 கன மீட்டர், அதாவது சுமார் இரண்டரை யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) மண் வெளியே வரும். மூன்று டிராக்டர் நடைக்கு ஏற்பாடு செய்யாமல் ஆட்களை இறக்கினால், வாரிய மண் கரையிலேயே குவியும். அடுத்த மழையில் திரும்ப உள்ளே போகும். காய்ந்தால் தூசியாகிக் கடைகளுக்குள் பறக்கும். வாரிய மறுநாளே வண்டி வர வேண்டும் என்று வேலை உத்தரவில் எழுதுங்கள். மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டியதற்கான நடைக் கணக்கு இல்லாமல் பில் போடாதீர்கள்.

நம் ஊர்ச் சாக்கடைகளை அடைப்பது வெறும் மண் மட்டும் இல்லை. திருப்பூர் பக்கம் பனியன் கட்டிங் வேஸ்ட், பல்லடம், சோமனூர் பக்கம் தறிப் பஞ்சு, பொள்ளாச்சி பக்கம் தென்னை நார்த் தூள். இவை தண்ணீரில் ஊறிச் சிறுபாலத்தின் வாயில் கட்டியாக நிற்கும். சிறுபாலத்துக்கு முன்னால் கம்பி வலையை நெட்டுக்குத்தாக வைத்தால் அரை மணி நேர மழையில் முழுதும் மூடிக்கொள்ளும். 45 பாகை சாய்த்து, ஓர் அங்குல இடைவெளியில் கம்பிகளை நீளவாக்கில் வையுங்கள். குப்பை கம்பியின் மேல் ஏறி நிற்கும், கீழே தண்ணீர் ஓடும், மேலே நின்று வாரியால் இழுத்துவிடலாம். அதற்குச் சற்று முன்னால் இரண்டடிக்கு இரண்டடி அளவில், வடிகால் தளத்துக்கு ஓரடி கீழே ஒரு வண்டல் தொட்டி இருந்தால் மணல் அங்கேயே தங்கும். ஒரு தொட்டி ஏழெட்டுப் பாண்டு மண் பிடிக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அள்ளினால் போதும்.

மூடுபலகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டடி சதுரம், மூன்று அங்குலத் தடிமன் உள்ள கான்கிரீட் பலகை சுமார் 67 கிலோ. கொக்கி இருந்தால் இரண்டு பேர் தூக்கலாம். அதைவிடப் பெரிதாகப் போட்டால் யாரும் தூக்க மாட்டார்கள். தூக்காத பலகைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டு வாசலில் வண்டி ஏற்றுவதற்காக வடிகாலுக்குள்ளேயே கட்டிவிடும் சிமெண்ட் சாய்தளங்களைக் கட்டாயம் எடுத்தாக வேண்டும். எடுக்கும்போது கழற்றி மாட்டும் இரும்புக் கிராதிக்கு ஒரு மாதிரி அளவைக் கொடுத்து, வீட்டுக்காரர் செலவிலேயே போடச் சொல்லுங்கள். மாற்று வழி காட்டாமல் இடித்தால் மறுமாதம் திரும்பக் கட்டிவிடுவார்கள்.

கழிப்பறைக் குழாயை மழைநீர் வடிகாலில் விட்டிருக்கும் வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அந்த வடிகாலில் ஆளை இறக்கிக் கையால் வாரச் சொல்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்ட வேலை. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும்; கண்ணாடிச் சில்லும் ஊசியும் மலமும் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர் நம் ஊர்க்காரர். முழங்கால் வரை பூட்ஸ், தடித்த கையுறை, நீளக் கைப்பிடி மம்முட்டி ஆகியவற்றை மதிப்பீட்டிலேயே ஒரு வரியாகச் சேருங்கள். அதற்கு முன்பாக அந்தக் கழிப்பறை இணைப்புகளைக் கண்டுபிடித்து அடைத்துவிடுங்கள்.

இனி சாலை. கொங்கு நாட்டுத் தெருக்களில் தார் கெடுவதற்கு முதல் காரணம் வண்டியைவிட, நிற்கும் தண்ணீர். தண்ணீர் ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே புகுந்து பிடிப்பை விடுவிக்கிறது. வீட்டு முன்னால் தினமும் ஓடும் கழுவு நீர்கூட இதைச் செய்யும். 3.75 மீட்டர் அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிடக் கிட்டத்தட்ட 5 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். ஓவர்சியர்கள் பெர்ம் என்று சொல்லும் ஓர மண்பட்டை அதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சரிந்து வடிகாலில் இறங்க வேண்டும். நடப்பில் அந்த மண்பட்டை ஆண்டுக்காண்டு மண் சேர்ந்து, புல் முளைத்து, தாரைவிட உயர்ந்துவிடுகிறது. தண்ணீர் வெளியேற வழியின்றித் தாரின் விளிம்பிலேயே நிற்கும். முதலில் உதிர்வதும் அந்த விளிம்புதான். ஜே.சி.பி. கொண்டு ஓரத்தைச் சீவி, ஐந்தாறு மீட்டருக்கு ஒரு வெட்டு விட்டு வடிகாலோடு சேர்த்தால் தாரின் ஆயுள் கூடும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை வேறு ஒன்றும் இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். ஆனால் திறப்பு விழா வைக்க முடியாத வேலை என்பதால் யாரும் கேட்பதில்லை. உடுமலை, பல்லடம் வட்டாரக் கரிசல் மண்ணில் இது இன்னும் அவசியம். ஓரத்தில் ஊறும் தண்ணீரால் மண் உப்பிச் சுருங்கிச் சாலையையே நீளவாக்கில் பிளக்கும்.

குழி அடைப்பது சின்ன வேலை என்று கண்டபடி விட்டுவிடுகிறோம். குழிக்குள் செம்மண்ணையும் செங்கல் உடைசலையும் கொட்டினால் இரண்டு நாள் மழையில் சேறாகி, பக்கத்திலிருக்கும் நல்ல தாரையும் கெடுக்கும். சரியான முறை இது: குழியைச் சுற்றி உறுதியான தார் வரும் வரை சதுரமாகக் குறித்து, ஓரங்களை நெட்டுக்குத்தாக வெட்ட வேண்டும். தளர்ந்ததை எல்லாம் வாரி, தூசியைத் துடைத்து, ஈரம் காய விட வேண்டும். அடியிலும் பக்கச் சுவரிலும் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) தடவி, அது பழுப்பு மாறிக் கருத்த பிறகே கலவையைக் கொட்ட வேண்டும். ஆழம் மூன்று அங்குலத்துக்கு மேல் என்றால் இரண்டு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கையும் பிளேட் வைப்ரேட்டர் அல்லது திமிசுக் கட்டையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு இடித்து இறுக்க வேண்டும். முடிக்கும்போது சுற்றுமட்டத்தைவிட அரை செ.மீ. உயர்ந்திருக்கலாம், தாழக் கூடாது. இரண்டடிக்கு இரண்டடி, மூன்று அங்குல ஆழக் குழிக்குச் சுமார் 62 கிலோ கலவை வேண்டும். 25 கிலோ மூட்டை என்றால் மூன்று. ஒரே மூட்டையில் மூன்று குழி அடைத்ததாகக் கணக்கு வந்தால் என்ன நடந்தது என்று நீங்களே ஊகிக்கலாம்.

புதிதாகத் தார் போடும் இடங்களிலும் இப்படிக் கணக்கு வையுங்கள். 20 மி.மீ. பிரீமிக்ஸ் கார்ப்பெட்டுக்கு, அதாவது சல்லியும் தாரும் முன்கூட்டியே கலந்து போடும் மெல்லிய அடுக்குக்கு, பத்துச் சதுர மீட்டருக்கு 0.27 கன மீட்டர் சல்லியும் 14.6 கிலோ தாரும் என்பது விதி. 100 மீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலத்துக்கு மூன்றரை யூனிட் சல்லி, 547 கிலோ தார். மேல்பூச்சு இதில் சேராது. லாரியை எண்ணத் தெரிந்த எந்த உறுப்பினரும் இதைச் சரிபார்க்கலாம். ஆடிக் காற்று வீசும் நாட்களில் இவ்வளவு மெல்லிய அடுக்கு சீக்கிரம் ஆறிவிடும். ரோலர் பின்னாலேயே வராவிட்டால் இறுகாது. தை முதல் சித்திரை வரை தாருக்கு, ஆடி ஆவணி வடிகாலுக்கு என்று ஆண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். பழைய தாரின் மேலேயே அடுக்கிக்கொண்டு போகாமல் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். சுரண்டிய கழிவை வீசாமல் ஓர மண்பட்டையில் பரப்பி இறுக்கலாம்.

போட்ட சாலையைக் குடிநீர் இணைப்புக்காக வெட்டுவது அடுத்த கேடு. தார் போடும் முன்பே இரண்டு வீட்டுக்கு ஒன்று வீதம் குறுக்கே நான்கு அங்குல பி.வி.சி. குழாய் புதைத்து, இரு முனையையும் மூடி, சுவரில் பெயிண்டால் குறி வைத்துவிட்டால் பிறகு வரும் இணைப்பை அதற்குள்ளேயே நுழைத்துவிடலாம். வெட்டியே ஆக வேண்டும் என்றால், அரை அடிக்கு ஓர் அடுக்காக மண் நிரப்பி, தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். மொத்தமாகத் தள்ளி மேலே கான்கிரீட் பூசினால் முதல் மழையிலேயே அமுங்கும்.

பணமில்லாமல் கிடைக்கும் ரிப்பேர் ஒன்று உண்டு. ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலம் முடியும் வரை அவர் போட்ட சாலையின் பழுதை அவரே சரிசெய்ய வேண்டும். அதற்காகத்தான் வைப்புத்தொகை பிடிக்கிறீர்கள். அந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒவ்வொரு சாலையையும் நடந்து பார்த்து, பழுதை எழுத்தில் அனுப்புங்கள். தேதி தாண்டிவிட்டால் அதே குழியை மன்றத்தின் பணத்தில் அடைக்க நேரும்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் கேட்கிறோம். வடிகால் நிதியை வார்டுவாரியாகப் பிரிக்காமல், கடைமுனையிலிருந்து மேல்நோக்கிச் செலவிடுவது முதலாவது. ஊர்த் தண்ணீர் ஓடும் திசையையும் நிற்கும் இடங்களையும் காட்டும் வரைபடம் ஒன்றைத் தயாரித்து, வார்டு மக்கள் கூடும் ஏரியா சபைகளில் வைப்பது அடுத்தது. கோடை மழை பெய்த ஒரு மணி நேரத்துக்குள் தெருத்தெருவாக நடந்து, தண்ணீர் நிற்கும் இடங்களைப் பெயிண்டால் குறித்தாலே இதில் பாதி முடிந்துவிடும். மூன்றாவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, செப்டம்பர் 30-க்குள், எல்லாச் சிறுபாலங்களின் வாயையும் ஓர மண்பட்டைகளையும் சுத்தம் செய்து முடிக்கும் வேலைக்குத் தனித் தலைப்பில் பணம் ஒதுக்குவது.

வரைபடம் எடுக்கும் நாளைச் சொல்லுங்கள். டியூப் லெவலோடு வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
கொங்கு வட்டாரச் சாலை, வடிகால் பணிகளில் இருந்த மேற்பார்வையாளர்களும் கொத்தனார்களும்