அப்பத்தாவை ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். போனில் பேசினால் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. இது கொஞ்சம் நீளமான விஷயம், அதனால் எழுதுகிறேன். முதலில் நீங்கள் படித்துவிட்டு, அப்புறம் அப்பத்தாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. வீட்டுக்கார அம்மா காலையில் பிட்டும் சொதியும் தருகிறார், இரவில் பெரும்பாலும் பாண். வேலையும் வழக்கம்போலத்தான், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் ஆபரேஷன் தியேட்டர் விளக்குகளைப் பழுது பார்ப்பது. காலி வீதி நெரிசல்தான் தாங்கவில்லை, பஸ் ஊர்கிற ஊர்ச்சலுக்கு இறங்கி நடந்தே போய்விடலாம்.

போன வாரம் வீட்டுக்கார அம்மா என்னை ஒரு நினைவுப் பேருரைக்குக் கூட்டிப்போனார். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். "தியேட்டர் லைட் திருத்துற ஆளுக்கு, அதுக்குக் கீழ என்ன நடக்குதெண்டு தெரியவேண்டாமே? நீரும் வாரும் தம்பி" என்றார். இடம் கின்சி வீதி மருத்துவ பீடம், 1870-இல் தொடங்கிய பழைய கல்லூரி. காலமான ஒரு டாக்டரின் பெயரில் குடும்பத்தார் பணம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் வட்டியில் வருடத்துக்கு ஒருவரை அழைத்துப் பேச வைக்கிறார்கள். நம் கோயிலில் கட்டளை எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி. மரியாதையும் கோயில் மரியாதைதான். மேளக்காரர்கள் முன்னால் போக, அங்கி போட்ட பெரிய டாக்டர்கள் வரிசையாக வந்து குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஏசிக் காற்றில் திரி அணைந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒருவர் அங்கியை விரித்து மறைத்துக்கொண்டு ஏற்றினார்.

பேசியவர் பேர் வாங்கிய புற்றுநோய் அறுவை டாக்டர். கத்தியின் பெருமையைச் சொல்வார் என்று பார்த்தால், எப்படிக் குறைத்து வெட்டக் கற்றுக்கொண்டார்கள் என்பதையே பாதி நேரம் சொன்னார். 1890களில் அமெரிக்காவில் ஹால்ஸ்டட் என்ற டாக்டர், மார்பில் புற்று வந்தால் மார்போடு அதன் அடியிலுள்ள தசையையும் அக்குளில் நெறி கட்டும் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கும் வழியைக் கொண்டுவந்தார். உலகம் முழுக்க முக்கால் நூற்றாண்டு அதுதான் நடந்தது. கை வீங்கி, தூக்க முடியாமல் எத்தனை பெண்கள்! அமெரிக்காவில் ஃபிஷரும் இத்தாலியில் வெரோனேசியும்தான் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1973 முதல் 1980 வரை மிலானில், கட்டி சிறிதாக இருந்த 701 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பழைய ஆபரேஷன். மறு பாதிக்குக் கட்டி இருந்த பகுதியையும் அக்குள் முடிச்சுகளையும் மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு. சுமார் 20 வருடம் தொடர்ந்து கவனித்து, 2002-இல் கணக்கு வெளிவந்தபோது, உயிர் பிழைத்ததில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை.

அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வாய்ப்புற்றுக்கு வந்தார். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முன்னால் நிற்கிறதாம். முக்கியக் காரணம் வெற்றிலை போடுவது. "நான் போயிலை போடுறதில்லையே" என்று அப்பத்தா சொல்லும். அது கணக்கில்லை அம்மா. பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004 அறிக்கையிலேயே சொல்லிவிட்டது.

திரையில் ஒரு தாடையைக் காட்டினார். புற்று அரித்த எலும்பை எடுத்துவிட்டு, அதே ஆளின் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பை எடுக்கிறார்கள். அதில் அங்கங்கே ஆப்பு வடிவில் வெட்டி, தாடை வளைவுக்கு மடக்கி, தகடும் திருகாணியும் போட்டுப் பொருத்துகிறார்கள். அதன் ரத்தக் குழாயைக் கழுத்துக் குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள். உடம்புப் பாரத்தைத் தாங்குவது பக்கத்து எலும்பு என்பதால், இது போனாலும் ஆள் நடப்பாராம். இவ்வளவு வித்தையையும் காட்டிவிட்டு, சின்னத் திட்டாக இருக்கும்போதே ஒரு பல் டாக்டர் பார்த்திருந்தால் இதில் எதுவும் வேண்டியிருக்காது என்றார்.

துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவந்த திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் முழுசாகத் திறக்காமை, இவைதான் பார்க்க வேண்டியவை. மூன்று விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னார். மண்டபமே விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தது, அங்கிக்காரர்கள் உட்பட.

பேச்சு முழுக்க ஆங்கிலம். எனக்குப் புரியாத இடங்களை வீட்டுக்கார அம்மா காதோரம் சொன்னார். தேநீருக்கு நிற்கும்போது, கையில் ரோல்ஸோடு, "எங்கட மானிப்பாயில கிறீன் டொக்டர் தமிழிலயே படிப்பிச்சவர்" என்று ஆரம்பித்துவிட்டார். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் அவர். மருத்துவப் புத்தகங்களைத் தமிழில் ஆக்கிப் பாடம் நடத்தியிருக்கிறார். பஸ் ஏறும்வரை அதே பேச்சு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு வந்தபோது ரசம் பட்டால் இடது கன்னம் எரிகிறது என்று அப்பத்தா சொன்னது. வெற்றிலையை எப்போதும் அந்தக் கன்னத்தில்தான் அடக்கிக்கொள்ளும். பயமுறுத்த வேண்டாம். காரைக்குடியில் பல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், போதும். சந்தேகம் இருந்தால் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சதை எடுத்தால் பரவிவிடும் என்று தெருவில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதற்கு மேல் போனாலும் சென்னையில் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது. இங்கிருந்தே அங்கே போகிறார்கள், வீட்டுக்கார அம்மாவின் அண்ணன் போய் வந்தவர்தான்.

வெற்றிலையை விடச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். முதலில் அந்தப் பாக்குவெட்டியை அப்பா எங்காவது எடுத்து வைக்கட்டும். தாத்தா கொழும்பிலிருந்து வாங்கி வந்தது என்று ஒரு பாட்டம் அழும், பரவாயில்லை.

டாக்டரிடம் போகும்போது தம்பியையும் கூட்டிப்போங்கள், அவன் சொன்னால்தான் அப்பத்தா வாயைத் திறக்கும். செலவுக்கு வெள்ளிக்கிழமை பணம் போடுகிறேன். டாக்டர் சொன்னதை அன்றைக்கே போனில் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
முருகேசன்