மழை எட்டாத கரை

அன்புள்ள கயல்,

நேற்று வீடியோவில், "வர்ற வழியில மூணு நாள் ஏதாவது ஒரு தீவுல தங்கிட்டு வரலாம்னு இருக்கோம், எந்தத் தீவுன்னு நீயே சொல்லும்மா" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. இரவு டியூட்டி முடித்துப் பேசும் நாட்களில் நீ பேச்சின் நடுவிலேயே கண்ணை மூடுவதை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் சொன்னால் பாதி காதில் விழாது. அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் நிதானமாகப் படி.

நீங்கள் மெல்போர்னிலிருந்து வருவது ஜனவரியில், பொங்கலுக்கு. அதனால் விலையையும் படத்தையும் அப்புறம் பார்க்கலாம், முதலில் காற்றைப் பார். வெப்பமண்டலத் தீவு என்றால் எல்லா மாதமும் வெயிலும் நீலக்கடலும்தான் என்று நினைத்துவிடுகிறோம். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை தருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்று, அந்தப் பக்கம் தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலேசியாவின் கிழக்குக் கரையில் கொட்டும். தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் எல்லாம் அந்தக் கரையில் இருக்கிற தீவுகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கடல் கொந்தளிக்கும், படகு குறைந்துவிடும், பல விடுதிகளைப் பூட்டியே வைத்திருப்பார்கள். மாப்பிள்ளை அனுப்பிய படம் பெர்ஹெந்தியான்தானே? அழகான இடம்தான். ஆனால் அந்தப் படத்தை ஜூன், ஜூலையில் எடுத்திருப்பார்கள்.

அதே ஜனவரியில் மேற்குக் கரை காய்ந்து கிடக்கும். தீபகற்பத்தின் நடுவில் மலைகள் நிற்பதால் மழை மேகம் பெரும்பாலும் அந்தப் பக்கமே இறங்கிவிடுகிறது. ஜூனில் கேரளாவில் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது நாம் இங்கே நாகப்பட்டினத்தில் வெந்துகொண்டிருப்போமே, அதே கணக்குதான். லங்காவியும் பினாங்கும் அந்த மேற்குக் கரையில் இருக்கின்றன.

பாலிக்குப் போகலாமா என்றும் கேட்டாய். அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே 8 பாகையில் இருக்கிறது. ஜனவரியில் அங்கே மழை உச்சத்தில் இருக்கும், வேண்டாம். பூக்கெட்டில் வானிலை நன்றாக இருக்கும், ஆனால் அந்த மாதம் கூட்டம் அலைமோதும். மாலத்தீவுக்கும் ஜனவரி நல்ல மாதம்தான். ஆனால் மெல்போர்னிலிருந்து வருகிறவர்களுக்கு அது வீட்டு வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவது மாதிரி. அங்கே விமானம் இறங்குவது ஒரு தீவில், தங்குவது இன்னொரு தீவில். தூரத்துத் தீவு என்றால் கடல்விமானத்தில் போகணும், அது பகலில் மட்டும்தான் பறக்கும். சாயங்காலம் போய்ச் சேர்ந்தால் முதல் ராத்திரி வழியிலேயே போய்விடும். ஏழு நாள் இருக்கிறவர்களுக்கு அது சரி. உங்களிடம் இருப்பது மூன்று ராத்திரி.

விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து தலையணையில் தலை வைக்கிற வரைக்கும் எத்தனை வண்டி மாறணும், அதை எண்ணிப் பார். மெல்போர்னிலிருந்து கோலாலம்பூர் சுமார் 8 மணி நேரம். அங்கிருந்து லங்காவி 1 மணி நேரம். லங்காவி விமான நிலையத்திலிருந்து செனாங் கடற்கரைக்கு டாக்சியில் கால் மணி நேரம்கூட ஆகாது. திரும்பிக் கோலாலம்பூர் வந்தால் திருச்சிக்கு நேராக விமானம் இருக்கிறது, 4 மணி நேரம். கடிகாரத்துக்கும் இது நல்லது. ஜனவரியில் மலேசியா உங்களுக்கு 3 மணி நேரம் பின்னால், நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். பாதி வழியில் மூன்று நாள் தூங்கிவிட்டு வந்தால் ஆதிரை இங்கே வந்து நடு ராத்திரியில் எழுந்து விளையாடமாட்டாள்.

பினாங்கை ஏன் சொல்லவில்லை என்று உனக்குத் தோன்றும். நம் வீட்டில் பினாங்கு என்றாலே தனிதான். உன் தாத்தா போனது அங்கேதானே. ரஜூலா கப்பல் நம்ம ஊருக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏறணும். நாள் கணக்கில் பயணம். அந்தத் தகரப் பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. நானும் உன் அத்தையும் ஓய்வு பெற்ற வருஷம் பினாங்கு போனபோது, துறைமுகத்தைப் பார்த்து நான் அரை மணி நேரம் பேசாமல் நின்றேன். ஜார்ஜ் டவுனில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயில், அதிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சோற்றில் விதவிதமான குழம்பு ஊற்றித் தருகிற நாசி கண்டார் கடைகள், மலைக்கு ஏறுகிற ரயில் என்று பார்க்கப் பார்க்கத் தீராது. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் பினாங்கு உன்னை உட்கார விடாது கயல். காலையில் கிளம்பினால் ராத்திரிதான் அறைக்குத் திரும்புவாய். உனக்கு இப்போது வேண்டியது அது இல்லை. கடல் குளியலுக்கும் பினாங்கு அவ்வளவு நல்ல கடல் இல்லை. அதனால் இந்தத் தடவை லங்காவி. பினாங்குக்கு ஒரு தைப்பூசத்தின்போது நாம் எல்லோரும் சேர்ந்து போவோம். அங்கே முருகன் கோயில் இருக்கிற தண்ணீர்மலைக்கு உன்னோடு ஏறணும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அந்தப் பயணத்தில் பினாங்கிலிருந்து லங்காவிக்கும் போய் இரண்டு நாள் தங்கினோம். பழைய கடாரம்தான் இன்றைய கெடா மாநிலம், லங்காவி அதைச் சேர்ந்தது. 1025இல் ராஜேந்திரன் படை போன திசை என்று அத்தைக்குச் சொல்லிக்கொண்டே போனேன். 99 தீவுகள் சேர்ந்ததுதான் லங்காவி, நீங்கள் தங்கப்போவது அதில் பெரிய தீவு. தீவின் பெயரே ஒரு பறவையின் பெயர் என்பார்கள். மலாயில் ஹெலாங் என்றால் கழுகு, காவி என்றால் செம்பழுப்பு. நம்ம கருடன்தான் அது! வெள்ளைக் கழுத்து, செம்மண் நிற இறக்கை. கிலிம் ஆற்றில் படகில் போனபோது பார்த்தோம். இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கிறது, அதன் காலடியில் சுரபுன்னைக் காடு. பிச்சாவரத்துக்குப் பின்னால் மலையை வைத்தது மாதிரி இருக்கும். ஒரு கருடன் பாறை உச்சியிலிருந்து சாய்ந்து இறங்கி, தண்ணீரை நகத்தால் மட்டும் தொட்டு, ஒரு சின்னக் கோடு கிழித்துவிட்டு மேலே போனது. அந்தக் கோடு மறைகிற வரைக்கும் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். சில படகுக்காரர்கள் கோழித்தோலை வீசிக் கருடனைக் கூப்பிடுவார்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. கையில் தீனி கிடைத்துப் பழகிய பறவை வேட்டையை மறந்துவிடும்.

இன்னொன்று எழுதணும். 2004 டிசம்பர் 26க்கு அப்புறம் நீ கடலில் கால் வைத்து நான் பார்க்கவில்லை. போன தடவை ஆதிரை நம்ம கடற்கரையில் அலையைப் பார்த்து ஓடியபோது, நீ மணலில் நின்றபடி அவளைக் கூப்பிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. உனக்குப் பதினொரு வயது அப்போது. அந்த அலை பினாங்குக்கும் லங்காவிக்கும் போனது. சுமத்ரா குறுக்கே நின்றதால் இங்கே வந்த வேகத்தில் போகவில்லை. லங்காவியின் வடக்கு முனையில் தஞ்சோங் ரூ என்று ஒரு கடற்கரை இருக்கிறது. ரூ என்றால் சவுக்கு, தஞ்சோங் என்றால் முனை. பெயருக்கு ஏற்ற மாதிரி நம்ம ஊர்ச் சவுக்குத் தோப்பு வாசனையேதான். எதிரே பாறைத் தீவுகள் மறைத்து நிற்பதால் நாங்கள் போன நாளில் அலையே தெரியவில்லை, குளம் மாதிரி கிடந்தது. நீர் வற்றும் நேரத்தில் மணல் திட்டு மேலே வரும், கணுக்கால் தண்ணீரில் எதிரே இருக்கிற குட்டித் தீவை நோக்கி நடக்கலாம். நான் நடந்தேன். அப்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். நீ இறங்கணும் என்று நான் சொல்லவில்லை. ஆதிரை தண்ணீரில் இருக்கும்போது நீ பயமில்லாமல் கரையில் உட்கார்ந்திருந்தாலே எனக்குப் போதும்.

தண்ணீரில் இறங்குமுன் சொறிமீன் இருக்கிறதா என்று விடுதியில் கேட்டுவிடுங்கள். சில நாட்களில் வரும், கடுமையாகக் கொட்டும். நீர் ஏறும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு அதற்கு முன்னால் திரும்பிவிடுங்கள். ஆதிரை கையில் பிஸ்கட் பொட்டலம் கொடுத்து வெளியே விடாதே, குரங்கு பிடுங்கும். பெரிய பெட்டிகளைக் கோலாலம்பூர் விமான நிலையத்திலேயே காசு கட்டி வைத்துவிட்டு ஒரு சின்னப் பையோடு தீவுக்குப் போங்கள். அங்கே இரண்டு முனையங்கள் இருக்கின்றன, நடுவில் ரயிலில் போகணும். எங்களுக்கு அது தெரியாமல் தப்பான முனையத்தில் இறங்கி, அத்தையை இழுத்துக்கொண்டு ஓடி, கதவு மூடப்போகிற நேரத்தில்தான் ஏறினோம். அதனால் விமானம் மாறும் இடத்தில் நாலு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். விசா, வருகைப் பதிவு எல்லாம் மாப்பிள்ளை ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும்.

முதல் நாள் எங்கேயும் போகாதே. திரையை இழுத்துவிட்டுத் தூங்கு. மாப்பிள்ளை ஆதிரையைக் கூட்டிக்கொண்டு போய் நம்ம பரோட்டா மாதிரி இருக்கிற ரொட்டி சானாய் வாங்கிக் கொடுக்கட்டும், பருப்புக் குழம்போடு அவள் சாப்பிட்டுவிடுவாள். இரண்டாம் நாள் வெயில் ஏறுமுன் கிலிம், மூன்றாம் நாள் சாயங்காலம் தஞ்சோங் ரூ. கேபிள் கார், மலை மேல் இருக்கிற 125 மீட்டர் தொங்கு பாலம் எல்லாம் நேரமும் தெம்பும் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். பார்க்காமல் வந்தாலும் ஒன்றும் குறையாது. விடுதியைக் கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் எடுங்கள், அதில் மட்டும் காசு பார்க்காதே.

தேதி முடிவானதும் திருச்சியில் எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்று சொல். பொங்கல் சமயத்தில் வண்டி கிடைக்காது என்று அப்பா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா