கல்லைப் பெயர்க்கும் முன்

நொய்யல் கரை மேட்டாங்காட்டுப் பூமிக்காரர்களுக்கு,

வணக்கம். மாமன் மச்சான், பங்காளி என்று உங்களில் பாதிப் பேர் எனக்கு முறைக்காரர்கள். ஆகையால் நேராகவே கேட்கிறேன். உழவுக்கு இடைஞ்சல் என்று பாண்டுக்குழிக் கற்களை, அதாவது சுற்றிலும் வட்டமாகக் கல் வைத்த பழங்காலக் கல்லறைகளின் கற்களை, பொக்லைன் வைத்துப் பெயர்த்து வேலியோரம் தள்ளுவதை நிறுத்துங்கள்.

என் அப்பாரும் அதைத்தான் செய்தார். அவர் மாடு கட்டி இழுத்துவந்த பலகைக்கல் ஒன்றில்தான் எங்கள் சாளை வாசலில் துணி துவைத்தோம். நடுவே வட்டமாக ஒரு துளை. தண்ணீர் வடிய வாகாக இருக்கிறது என்றே நினைத்திருந்தோம். அது கல்லறைச் சுவர்ப் பலகையில் விட்ட துளை, இடுதுளை என்பார்கள் என்று நாற்பது வயதில்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் குழியில் யாரை அடக்கம் செய்தார்கள், கூட என்ன வைத்தார்கள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

எண்ணிவிடக்கூடிய வீடுகளே உள்ள நம் பக்கத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவை இந்தக் குழிகளும் பக்கத்துக் குடியிருப்பு மேடும்தான். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று பாடியது நம் கொடுமணலைத்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1980களில் தொடங்கிய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலை, பட்டை தீட்டாத கல், பாதி வேலையில் நின்றுபோன மணி என்று பட்டறையே வெளிப்பட்டது. பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைத்தது. சூதுபவளம் என்ற சிவப்புக் கல் குஜராத் பக்கமிருந்து வந்தது என்கிறார்கள். ஒரே கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள்! பானை ஓடுகளில் கண்ணன் ஆதன், சம்பன், விசாகி என்று பழைய தமிழ் எழுத்தான தமிழியில் பெயர்கள். விசாகி தன் பானையில் தன் பெயரை எழுதிவைத்த ஊர் இது. எங்கள் அம்மாயிக்குக் கையெழுத்துக்கூட வராது.

விஷயம் வெளியே தெரிந்தால் பூமி போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். பட்டாவுக்கு நடையாய் நடந்தவன் நான். அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளமாட்டேன். உத்தரவாதத்தை எழுத்தில் கேட்போம், ஊராகச் சேர்ந்து போய்க் கேட்போம், நானும் வருகிறேன். புதையல் ஆசையில் ராத்திரியில் குழி பறிப்பவர்களைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

காடு காய்ந்ததும் இயந்திரம் வந்துவிடும். அதற்கு முன், வட்டமாகக் கல் கிடந்தால் படம் எடுத்து, சர்வே எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள். சுற்றிலும் நான்கு முழம் விட்டு உழுதால் ஒரு வள்ளம் கம்பு குறையலாம்.

எங்கள் சாளைக் கல்லைக் கழுவி நிமிர்த்தி வைத்திருக்கிறேன். வந்தால் பாருங்கள். அது காட்டில் எந்த இடத்தில் நின்றது என்று மட்டும் கேட்காதீர்கள். அது அப்பாரோடு போய்விட்டது.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்துக் காட்டுக்காரன்