விடுதி மாணவியர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய விடுதிக் காப்பாளர் அவர்களே, உப காப்பாளர்களே, பெரும் பொருளாளர் அவர்களே, அன்பான அக்காமாரே, தங்கச்சிமாரே, அனைவருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் பல்கலைக்கழக விடுதியின் மன்றத்தை 2025 ஜனவரியில் நாங்கள் பொறுப்பேற்றபோது கூட்டிய முதலாவது பொதுக்கூட்டத்துக்கு நிர்வாகக் குழுவை விட்டால் மிகச் சிலரே வந்தார்கள். மனவருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் யாரையும் குறை சொல்ல முடியாது. மட்டக்களப்புப் பிள்ளைகள் ஒரு பக்கம், மலையகத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம், சிங்களப் பிள்ளைகள் மேல்மாடியில் என்று அவரவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தோம். அடுத்த அறையில் இருப்பவரின் பெயர்கூடத் தெரியாமல் ஒரு வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். யாரென்றே தெரியாத பேருக்காக மன்றம் என்னத்தைக் கேட்பது?

அந்த நிலை மாறியது கூட்டத்தால் அல்ல, குசினியால்.

மார்ச் மாதம் ரமழான் நோன்பு தொடங்கியது. எங்கள் குசினியை இரவு 10 மணிக்குப் பூட்டினால் காலை 5 மணிக்குத்தான் திறப்பார்கள். மார்ச்சில் சுபஹ் பாங்கு, அதாவது அதிகாலைத் தொழுகைக்கான அழைப்பு, ஏறக்குறைய 5 மணிக்கே சொல்லப்படும். அதற்கு முன்பே ஸஹர் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். முஸ்லிம் சகோதரிகள் பிஸ்கட்டும் பச்சைத் தண்ணீரும் எடுத்துவிட்டு நோன்பு பிடிக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியவரவே ஒரு வாரம் எடுத்தது. அந்த ஒரு வாரத்துக்காக மன்றத்தின் சார்பில் இங்கே மன்னிப்புக் கேட்கிறேன். வோடன் மிஸ்ஸிடம் சொன்னோம். அன்றே குசினித் திறப்பைத் தந்தார். எடுப்பவர் கொப்பியில் கையெழுத்து வைக்க வேண்டும், காஸை மூடியதை இன்னொருவர் பார்க்க வேண்டும், இரண்டே நிபந்தனைகள்.

இரண்டாவது வாரமே விடியப்புறம் படிக்கிறவர்களும் தேத்தண்ணிக்கு வந்துவிட்டார்கள். குருநாகல் தங்கச்சி ஒருவர் எங்களிடம் புட்டுக்கு மா குழைக்கப் பழகினார். அவர் செய்த கிரிபத் என்ற பாற்சோற்றைத்தான் சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனோம். நோன்பு முடிந்த பிறகும் திறப்பை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இன்றுவரை காஸ் ஒருநாளும் திறந்தபடி கிடந்ததில்லை என்பதைக் கொப்பியைப் பார்த்தே சொல்கிறேன்.

தண்ணீர்ப் பிரச்சினையும் அந்தக் குசினியில்தான் கிளம்பியது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி நிற்கும் மழைநீரைத்தான் கிணறு கிணறாக இறைத்துக் குடிக்கிறோம். அந்தக் கல் தண்ணீரில் கரைந்து வருகிறது. கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. நுவரெலியாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சிதான் கேத்தலின் மூடியைத் திறந்து, "அக்கா, இதையா குடிக்கிறோம்?" என்று கேட்டார். அடியில் விரல் நகம் அளவு தடிப்பில் காறை. கரண்டியால் தட்டினால் முட்டைக்கோது மாதிரிப் பெயர்ந்து வந்தது.

விஞ்ஞான பீடத்து அக்கா ஒருவர் விளக்கினார். காறை கண்ணுக்குத் தெரிவதால் பயமாக இருக்கிறதே தவிர, உண்மையில் கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்றுக்கு. தோட்டங்களுக்குப் போடும் பசளையிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது நிலத்தடி நீரில் சேர்கிறது. கொதிக்க வைத்தால் போகாது. நீர் ஆவியாவதால் இன்னும் செறிவாகும். அதற்கு, நுண்ணிய சவ்வு வழியே தண்ணீரை அழுத்திக் கரைந்த உப்புகளையும் பிரிக்கும் ஆர்ஓ வடிகட்டி வேண்டும்.

வடிகட்டி கேட்டு நிர்வாகத்துக்கு எழுதிய முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. சரி, எழுதினால் மட்டும் போதாது என்று ஒரு கொப்பி போட்டோம். எந்த மாடியில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நின்றது, எத்தனை மணிக்கு வந்தது, காசு கொடுத்துப் போத்தல் தண்ணீர் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு மாதம் விடாமல் எழுதினோம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுத்து இருக்கும். அந்தக் கொப்பியையும் கேத்தலையும் கையில் எடுத்துக்கொண்டுதான் அடுத்த கூட்டத்துக்குப் போனோம். "இதைக் கொஞ்சம் பாருங்கோ சேர்" என்று மேசையில் வைத்தபோது அதற்கு மேல் நாங்கள் பேச வேண்டியிருக்கவில்லை. ஓகஸ்ட்டில் கீழ்மாடிக்கு வடிகட்டி வந்தது. மேல்மாடிக்கு இன்னும் வரவில்லை. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. அந்தக் குழாய் இணைப்பை எங்கள் விடுதிக்கும் பெற்றுத்தரக் கேட்டு எழுதிய கடிதம் பரிசீலனையில் இருக்கிறது.

நவம்பர் கடைசியைப் பற்றிச் சொல்லாமல் இந்த அறிக்கை முடியாது. டித்வா புயல் நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கம் மண்சரிவு என்று செய்தி வந்த இரவு, அங்கிருந்து வந்த எங்கள் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு அழைப்பும் போகவில்லை. பாதையும் இல்லை, ரயிலும் இல்லை. குசினிச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, பெயர், ஊர், கடைசியாகக் கதைத்த நேரம் என்று எழுதினோம். செய்தி கிடைத்தவர் பெயருக்கு எதிரே "கதைச்சாச்சு" என்று எழுதுவார். குசினியில் இருக்கும் எல்லாரும் எழுந்து வந்து பார்ப்போம். மூன்றாம் நாள் மாலைதான் கடைசிப் பெயருக்கு எதிரே அந்தச் சொல் எழுதப்பட்டது. அந்தத் தங்கச்சியின் லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, மண்ணோடு போய்விட்டது. வீட்டாட்கள் முதல் நாளே பாதுகாப்புக்காகப் பாடசாலைக்குப் போய்விட்டதால் உயிரோடு இருந்தார்கள். அந்த மூன்று இரவும் யாரும் தனியே படுக்கவில்லை, கட்டில்களைச் சேர்த்துப் போட்டுக்கொண்டோம். சேகரித்த உலர் உணவு, அணையாடை, பாடசாலைக் கொப்பிகள் எல்லாம் மாணவர் ஒன்றியத்தின் லொறியில் மலையகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

மற்ற விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டத்தின் சாரத்தை மும்மொழியிலும் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறோம். பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை, பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ என்றால் பத்து வருடம் வரை சிறை என்பதைப் புதிய பிள்ளைகள் வரும் முதல் நாளே வாசித்துக் காட்டினோம். மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்ந்தது பெரிய ஆறுதல். விடுதி ஒழுங்கையில் எரியாத மூன்று மின்விளக்குகளில் இரண்டு எரிகின்றன. நூலகம் மூடும் நேரத்துக்கு ஏற்றபடி வாயிற்கதவு நேரத்தைத் தள்ளிவைக்க இரண்டு முறை கேட்டோம், இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே நான் இன்னமும் நம்புகிறேன். அதைக் கைவிட வேண்டாம் என்று புதிய குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கறிக்கையைக் கனிஷ்ட பொருளாளர் சமர்ப்பிப்பார். வோடன் மிஸ்ஸுக்கும், புயல் நாட்களில் எங்களோடு கண் விழித்திருந்த காவலாளி ஐயாவுக்கும், துப்புரவு செய்யும் அம்மாமாருக்கும் மனமார்ந்த நன்றி.

தண்ணீர்க் கொப்பி குசினி அலுமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. மேல்மாடிப் பக்கங்கள் இன்னும் எழுதப்படுகின்றன. திறப்பும் கேத்தலும் இன்று புதிய செயலாளரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. கேத்தலைக் கழுவாமல்தான் தருகிறேன், அடுத்த கூட்டத்துக்கு அது வேண்டும்.

செயலாளர்,
விடுதி மாணவியர் மன்றம்,
யாழ்ப்பாணம்.