பழி பிராசசர் மீது, பிழை பயாஸில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினியை மேம்படுத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, எதை வாங்கலாம் என்று நான்கு பக்கம் பேசிவிட்டு, வாங்கி மாட்டிய பிறகு கேம் திணறினால் என்ன செய்வது என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டது: "பழைய பிராசசரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள், அதையும் மாற்றுங்கள்." அந்த வரியை நம்பி இன்னொரு செலவுக்குத் தயாரானவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் கணினியில் கிராபிக்ஸ் கார்டையும் ரேமையும் ஒரே நாளில் மாற்றினேன். ஒவ்வொன்றும் 16 ஜிபி கொண்ட இரண்டு டிடிஆர்4 ரேம். பொருத்திக் கொடுத்தவர் அனுபவசாலி; வந்த வேலையோடு, கணினி தொடங்கும்போது முதலில் ஓடி வன்பொருளை அமைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸையும் புதுப்பித்துவிட்டுப் போனார். அன்று இரவே மகன் கார் பந்தயம் ஆட உட்கார்ந்தான். பழைய கார்டில் நொடிக்கு 80 ஃபிரேம் (படம்) ஓடிய கேம் இப்போது 60-ஐத் தொடவே முக்கியது. அதைவிடக் கொடுமை, ஒவ்வொரு வளைவிலும் படம் ஒரு கணம் உறைந்து நின்று, கார் சாலை ஓரத்துக்குப் போன பிறகு மீண்டும் உயிர்பெற்றது. "பழையதையே மாட்டிவிடலாமா அப்பா?" என்றான். பொருத்தியவரைக் கேட்டேன். அவரும் உங்கள் கட்டுரையைப் படித்திருப்பார் போலிருக்கிறது: பிராசசர் பழையது என்றார்.

ஆடும்போதே திரையோரத்தில் கார்டின் உழைப்பைச் சதவீதமாகக் காட்டும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தேன். 55-ஐத் தாண்டவில்லை. ரெசல்யூஷனைக் குறைத்தும் ஃபிரேம் கூடவில்லை. கார்டு சும்மா காத்திருக்கிறது, தடை வேறெங்கோ இருக்கிறது என்பது இவ்வளவில் தெளிவு. கட்டுரை சொல்வதும் இதுவரை சரி. அந்த 'வேறெங்கோ' பிராசசராகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தேன். வேகம் 2133 என்றிருந்தது. ரேம் வந்த பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்ததோ 3600!

பெட்டியில் போட்டிருக்கும் வேகம் தானாக வந்துவிடாது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை நாமே இயக்க வேண்டும். இல்லையென்றால் மதர்போர்டு பாதுகாப்பான ஒரு குறைந்த வேகத்திலேயே ரேமை ஓட்டும். என் கணினியில் அது முன்பு இயக்கப்பட்டுத்தான் இருந்தது. பயாஸைப் புதுப்பித்தபோது மற்ற அமைப்புகளோடு அதுவும் அழிந்துபோயிற்று.

பக்கவாட்டுக் கதவைக் கழற்றிப் பார்த்தால் இரண்டாவது கோளாறு. நான்கு ஸ்லாட்டில் இரண்டு ரேமும் தோளோடு தோள் ஒட்டி, அடுத்தடுத்து நின்றன. பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டு சேனலும் (தரவு போய்வரும் வழிகள்) சேர்ந்து வேலை செய்யும். ஒட்டி மாட்டினால் ஒரு சேனல் சும்மா கிடக்கும். ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதையில் பாதி அடைபட்டுவிடும். ஒன்றைக் கழற்றி உரிய இடத்தில் வைத்து, 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்தினேன். பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்கினேன். மொத்தம் பத்து நிமிட வேலை. அதே பிராசசரில் அதே பந்தயம் இப்போது 110 ஃபிரேமில் ஓடுகிறது.

பிராசசர் ஒருபோதும் தடையாகாது என்று நான் வாதாடவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு கடைசியில் வர வேண்டியது. புது கார்டை மாட்டிவிட்டு மானிட்டர் கேபிளை மட்டும் மதர்போர்டிலேயே செருகி வைத்தவர்கள் உண்டு (ஒரு காலத்தில் நானும்தான்). நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் (144 ஹெர்ட்ஸ்) மானிட்டர், விண்டோஸ் அமைப்பில் சத்தமில்லாமல் 60-க்கு இறங்கியிருக்கும். மேலே இருக்கும் முதல் நீள ஸ்லாட்டை விட்டு இரண்டாவதில் கார்டை மாட்டியிருப்பார்கள். போதாக்குறைக்கு, புது கார்டும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் வந்தால் பல கேம்கள் ஷேடர்களை (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) முதலிலிருந்து தொகுக்கும். ஆகவே முதல் மணி நேரத் திணறலை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

கட்டுரையில் ஒரு தகவல் பிழையும் இருக்கிறது. மதர்போர்டு எவ்வளவு பழையதானாலும் கார்டின் வேகம் மாறாது என்கிறீர்கள். 2022-இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ இணைப்பின் 4.0 பதிப்பில் அதற்கு நான்கே பாதைகள். பழைய 3.0 மதர்போர்டில் மாட்டினால் ஒவ்வொரு பாதையின் கொள்ளளவும் பாதியாகிவிடும். கார்டில் இருக்கும் 4 ஜிபி நினைவகம் நிரம்பிவிட்டால் மிச்சத்தை அந்த ஒடுங்கிய பாதை வழியாகத்தான் ரேமிலிருந்து இழுத்து வர வேண்டும். ஃபிரேம் சரிவது அங்கேதான். குறைந்த செலவில் கார்டை மட்டும் மாற்ற நினைப்பவரிடம் இருப்பது பெரும்பாலும் பழைய மதர்போர்டுதான் என்பதால் இதைத் திருத்தி வெளியிடுவது அவசியம்.

'எந்த பிராசசர் வாங்கலாம்?' என்ற கட்டுரை அடுத்த இதழில் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் அரைப் பக்கம் ஒதுக்கி, திருகாணியைக் கழற்றுவதற்கு முன்பே ஃபிரேம் எண்ணிக்கை, ரேம் வேகம், வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். என்னிடம் அந்தப் பழைய குறிப்பு இருந்திருந்தால் 2133-ஐக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆகியிருக்காது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்