உள்ளளவு தவறான கேமரா பை: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், சாட்ஸ்வொர்த், டர்பன் (பெயரும் ஆர்டர் எண்ணும் உங்கள் பதிவிலேயே இருக்கின்றன)

ஐயா / அம்மா,

வணக்கம். தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் தருவோம் என்று உங்கள் தளத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் கணினிதான் பதில் சொன்னது. ஆகவே இதைத் தமிழில் எழுதுகிறேன். மனிதர் யாராவது படித்தால் நல்லது.

நான் வாங்கியது அந்தச் சின்ன ஆலிவ் நிற கேன்வாஸ் பை. பித்தளைக் கொக்கி வைத்தது, 'ரேஞ்ச்பைண்டர் பிலிம் கேமராவுக்கென்றே தைத்தது' என்று நீங்கள் எழுதியிருப்பது. உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. பணம் கட்டும் முன்பே சாட்டில் கேட்டேன்: லைக்கா எம்3 (லென்ஸ் வழியே அல்லாமல் தனிச் சாளரம் வழியே பார்த்து எடுக்கும் ரேஞ்ச்பைண்டர் பிலிம் கேமரா) ஒன்று, 50 மி.மீ. லென்ஸ் மாட்டியபடியே, கூட ஒரு 90 மி.மீ. லென்ஸ், கையடக்க லைட் மீட்டர், நாலைந்து ரோல் பிலிம். இவ்வளவும் கொள்ளுமா? 'தாராளமாகக் கொள்ளும்' என்று உங்கள் ஆள் பதில் போட்டார். அந்த உரையாடலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

கொள்ளவில்லை. உள்ளே, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை, 10 செ.மீ. அகலம் என்று தளத்தில் இருக்கிறது. டேப் வைத்து அளந்தால் 7 தான். நீங்கள் போட்டிருப்பது வெளி அளவு. இரண்டு பக்கத்துப் பஞ்சையும் கழிக்க மறந்துவிட்டீர்கள், அல்லது மறந்த மாதிரி இருந்துவிட்டீர்கள். எம்3யின் உடல் மட்டும் 33.5 மி.மீ. தடிமன். லென்ஸோடு சேர்த்தால் தடிமன் 8 செ.மீ. சொச்சம். அதை வைத்து மூடியை இழுத்தால் கொக்கி எட்டவே இல்லை. லென்ஸைக் கழற்றிப் படுக்கப் போட்டால் மூடுகிறது. கோயில் கூட்டத்தில் நின்றபடி லென்ஸ் மாட்டிக்கொண்டிருக்கவா நான் பை வாங்கினேன்?

இந்தக் கேமராவில் பிலிம் மாற்றுவது எப்படி என்று உங்கள் தையல் பிரிவில் யாருக்காவது தெரியுமா? அடித்தட்டைக் கழற்ற வேண்டும், பிலிம் சுற்றும் தண்டை வெளியே எடுக்க வேண்டும், பழைய ரோலை எடுத்துப் புதியதைச் செருக வேண்டும். இருப்பது இரண்டே கை. அடித்தட்டையும் தண்டையும் போட்டு எடுக்க முன்பக்கத்தில் ஒரு தட்டையான பாக்கெட் போதும். உங்கள் முன்பாக்கெட்டில் கைக்குட்டை கூட நுழையாது. போதாக்குறைக்கு உள்ளே வெல்க்ரோ. எம்3யின் ஷட்டர் துணியால் ஆனது, பக்கத்தில் நிற்பவருக்கே சத்தம் கேட்காது. அதற்காகத்தானே இத்தனை பேர் இந்தக் கேமராவை இன்னும் வைத்திருக்கிறோம்! அதைப் பையிலிருந்து எடுக்கும்போது பழைய வேட்டி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அர்ச்சனை நடக்கும்போது குருக்களே திரும்பிப் பார்த்தார்.

சரி, திருப்பித் தந்துவிடலாம் என்று உங்கள் சென்னை எண்ணுக்கு அழைத்தேன். இங்கே மதியம் இரண்டரை ஆனால் அங்கே மாலை ஆறு. 'அலுவல் நேரம் முடிந்தது' என்று பதிவு செய்த குரல். காலையில் அழைத்தால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். 'உங்க டி.எஸ்.எல்.ஆர் என்ன மாடல்?' என்னுடையது டி.எஸ்.எல்.ஆர் இல்லை. டி.எஸ்.எல்.ஆர் என்றால் லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி வைத்த டிஜிட்டல் கேமரா. என்னுடையதில் அந்தக் கண்ணாடியே இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்வது?

அவர்களில் ஒரு தம்பி. பெயர் கேட்டேன், சொல்லவில்லை. நான் சொல்லி முடிக்கும் முன்பே, 'ஆன்ட்டி, இந்தக் காலத்துல பிலிம் யார் போடறாங்க? போன்லயே எடுத்துக்கலாமே. இல்லன்னா சின்ன மிரர்லெஸ் டிஜிட்டல் கேமரா ஒண்ணு வாங்கிக்குங்க, பை கரெக்டா இருக்கும்' என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். பைக்கு ஏற்ற கேமரா வாங்க வேண்டுமாம்! பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். ஒரு மாணவன் கூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை. தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்வதாகச் சொல்கிறீர்களே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தம்பியின் மன்னிப்பு எனக்கு வேண்டும்.

பிறகு வந்த மின்னஞ்சலில், பையை உம்ஹ்லாங்காவில் உங்கள் முகவரின் கவுண்டரில் கொடுக்கலாம் என்றிருந்தது. சாட்ஸ்வொர்த்திலிருந்து என்2 நெடுஞ்சாலையில், வேலை நாள் நெரிசலில், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கார் ஓட்டச் சொல்லிப் போனேன். 'நாங்கள் கொடுப்பதோடு சரி, திரும்ப வாங்குவதில்லை' என்றார்கள். உங்கள் மின்னஞ்சலை நீட்டினேன். அதைப் படிக்கவும் இல்லை.

இதற்குள் ஈஸ்டர் வந்துவிட்டது. இசிப்பிங்கோ ரயில் என்ற பகுதியிலுள்ள மாரியம்மன் கோயிலுக்கு அந்த நாள்களில் எவ்வளவு கூட்டம் வரும் என்பதை இங்குள்ள உங்கள் முகவரையே கேளுங்கள். அங்கே படம் எடுக்கத்தான் இந்தப் பை. கேமராவைத் துண்டில் சுற்றிக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கழுத்தில் மாட்டிக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். கண்ணாடி இல்லாத கேமராவில் லென்ஸ் வெயிலைப் பார்த்தபடி கிடந்தால், வெளிச்சம் குவிந்து ஷட்டர் துணியில் ஓட்டை போட்டுவிடும். அந்தப் பயத்திலேயே ஒரு ரோல் கூட உருப்படியாக எடுக்கவில்லை. இந்த ஆண்டே எனக்குப் பாழ். அதை எந்த ரேண்டில் ஈடுகட்டுவீர்கள்?

பணிவோடுதான் கேட்கிறேன். கடைசியாக உங்கள் ஆள் எழுதியது, 'ஏழு நாள் தாண்டிவிட்டது, கூரியர் செலவும் உங்களுடையது' என்று. அந்த ஏழு நாள், இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணமே சொல்லாமல் திருப்புவதற்கு எங்கள் தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம் தருவது. நான் காரணத்தோடு வந்திருக்கிறேன். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55ஆம் பிரிவைப் பாருங்கள்: இன்ன உபயோகத்துக்கு என்று சொல்லி வாங்கினால் பொருள் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். அப்படி இல்லாததைத் திருப்பித் தர 56ஆம் பிரிவு ஆறு மாதம் தருகிறது. அதுவும் விற்றவர் செலவில். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நான், நீங்கள் அல்ல. எனக்குப் பணம் வேண்டும். முழுப் பணம், டெலிவரிக் கட்டணத்தோடு.

இந்த மாத முடிவுக்குள் ஆள் அனுப்பிப் பையை எடுத்துக்கொண்டு, பணத்தையும் போட்டுவிட்டால் நான் மேலே போக மாட்டேன். இல்லையென்றால் இதே கடிதம் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் ஆம்புட்ஸ்மனுக்கும் (குறைதீர்ப்பாளர்), தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கும் போகும். முதலில் விற்றவரிடம் கேட்டீர்களா என்பார்கள். அதற்குச் சாட்சிதான் இந்தக் கடிதம். தளத்தில் அந்த 10 செ.மீ.யையும் இன்றே திருத்துங்கள். இன்னொருத்தி ஏமாற வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி என்று கூப்பன் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே ஒன்று வந்தது, டி.எஸ்.எல்.ஆர் பைக்கு.